கற்பூரத்தில் விட்டுப்போன பீடி

என்னைப் போன்ற சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவர் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குபவர். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சாராயத்தோடுதான் எனக்குப் போராட்டம். ஒரு பௌர்ணமியன்று கோபுர வாசலில் கற்பூரத்தை அணைத்து, "இனிமே சாராயத்தைத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். தெருவுக்கு வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"பீடியாச்சும் இருக்கட்டும், பாவம்" என்றார் என் மாமியார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சத்தியத்தை அவர் மீறவே இல்லை. சாராய ஆசை வந்தபோதெல்லாம் பீடி குடித்தார். மளிகையோடு பீடிக் கட்டையும் நானே வாங்கி வந்தேன்.

போன தை மாதம் மூட்டை தூக்கும்போது மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பீடியால நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சும்மா. சாராயத்தை விட்டப்பவே இதையும் விட்டிருக்கலாம். அப்ப யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். "இதையும் வுட்டா மறுபடி சாராயக் கடையிலதான் போய் நிப்பேன். எது வேணும்னு நீயே சொல்லு" என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யார் சத்தியம் செய்யக் கிளம்பினாலும், பீடியையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன். போன வாரம், கணவரைக் கோயிலுக்கு அழைத்துப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் சொன்னேன்.

"பீடியாச்சும் இருக்கட்டும்க்கா, பாவம்" என்றாள்.

வீட்டுக்குள் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார்.