நீர்நாய்க்குக் காத்திருந்த படகு

படகில் நாலு பேர் இருக்கிறோம்: நான், என் மனைவி, மச்சினன், படகோட்டி. ஊட்டிக்கு அப்பாலுள்ள அணை, செப்டம்பர் மாதத்து இரண்டாவது சீசன். நடுவிலிருக்கும் திட்டில் நீர்நாய் ஏறும் என்று படகோட்டி மோட்டாரை நிறுத்துகிறார்.

"ஏனுங்க, மறுபடி ஸ்டார்ட் ஆகுமுங்களா?" என்கிறேன்.

"ஆகாட்டித் துடுப்பு இருக்குதுங்க."

"அவருக்குக் கரையிலயே பயமுங்க," என்கிறாள் மனைவி.

காத்திருக்கும்போது படகோட்டி பேசுகிறார். தன் ஊரான கட்டபெட்டில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறாராம். இலை விலை பறிகூலிக்கே கட்டாததால் பறிக்காமல் விட்டுவிட்டாராம். செடியெல்லாம் மரமாட்டம் வளர்ந்துவிட்டதாம்.

"இப்ப அதுக்குள்ள காட்டுமாடு கன்னு போட்டுக் குடியிருக்குதுங்க. நான் போனா என்னைய வெளியாளாட்டம் பாக்குது."

"முட்டாதுங்களா?" என்கிறேன்.

"இதுவரைக்கும் இல்லீங்க."

"விலை ஏறுச்சுன்னா செடியை வெட்டிக் கவாத்து பண்ணோணுமில்லீங்க? அப்ப அதுங்க எங்க போகும்?"

பதிலுக்கு உதட்டில் விரல் வைக்கிறார். மீனைக் கவ்விக்கொண்டு ஒரு நீர்நாய் திட்டின் பாறையில் ஏறுகிறது. தலையிலிருந்து தொடங்கி நறநறவென்று மென்று தின்கிறது. எனக்குப் பயம்கூட மறந்துபோகிறது. அது தண்ணீரில் இறங்கின பிறகுதான் அவர் மோட்டாரைக் கிளப்புகிறார்.

"போன வாரமே விலை கொஞ்சம் ஏறிருச்சுங்க," என்கிறார். "கன்னு இன்னும் பால் குடிக்குதுங்களே."