ரத்னம்மா அக்காவின் நீளமான கையெழுத்து

ரத்னம்மா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் விடுதி முதலாளிதான். "இன்னாமா, கேஸ் போட்டவ போய்ட்டாளாம்" என்றார். வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப் போவதில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் அந்த விடுதியின் அறைகளைத் துடைத்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆந்திரப் பக்கத்துக் கிராமம், எட்டாவது வரை தெலுங்குப் பள்ளி. குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை வேலை செய்கிறவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி மாட்ட வேண்டும் என்பது சட்டம். முதலாளி ஆங்கிலத் தாள் ஒன்றை மாட்டி, அதன்மேல் முருகன் காலண்டரைத் தொங்கவிட்டார். துடைக்கிற சாக்கில் அக்கா தினமும் காலண்டரைக் கழற்றி வைப்பார். "முருகனுக்கு வேற எடம் இல்லீங்களா?" என்று கேட்பார்.

சம்பளப் பதிவேட்டில் முழுக்கூலி எழுதியிருக்கும்; கைக்குப் பாதிதான் வரும். வரவேற்பு மேசையிலிருந்து நான்தான் நோட்டை நீட்டுவேன். அக்கா நிதானமாக ஒரு வரி நீளத்துக்குத் தெலுங்கில் கையெழுத்துப் போடுவார். முதலாளிக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. எனக்கும் அப்படித்தான். "கையெழுத்தா, கோலமா?" என்று முதலாளி கிண்டல் செய்வார். "எங்க நைனா வெச்ச பேரு நீளங்க" என்பார் அக்கா.

அக்கா கொடுத்த புகாருக்கு விசாரணை வந்தது. பதிவேட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். "சம்மதிச்சுதானே வேலைக்கு வந்தாங்க" என்றார் முதலாளி. குறைத்து வாங்கச் சம்மதித்தாலும் சட்டப்படி செல்லாது என்றார் தொழிலாளர் துறை அதிகாரி. உடனே முதலாளி, முழுக்கூலி கொடுத்ததற்குச் சான்று என்று பதிவேட்டைத் தானே நீட்டினார். அதிகாரிக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். 'ரத்னம்மா. இதில் பாதிதான் கொடுத்தார்கள்.' மாதாமாதம் அதே வரி. முதலாளியின் முகம் செத்துப்போனதை நான் ஆசை தீரப் பார்த்தேன். "அவரு பேனாவுலயேதாம்மா எழுதிக்கினு இருந்தேன்" என்றார் அக்கா வெளியே வந்து.

பெயரை மட்டும்தான் அவள் எழுதினாள், மற்றதைப் பிறகு திருட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டாள் என்று முதலாளி சாதித்தார். அடுத்த விசாரணைக்குள் மாரடைப்பு அக்காவைக் கொண்டுபோய்விட்டது. ஆள் உயர ரோஜா மாலையோடு முதலாளி வந்தார். அக்காவின் மகள் அதை வாசலிலேயே வைக்கச் சொன்னாள்.

அக்கா ஒவ்வொரு முறையும் முழு வரியையும் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். பொய்த் தொகையை எழுதிய கையும் என்னுடையதே. அதைச் சொன்னால் வேலை போகும், என்மேலும் வழக்கு வரும். வரட்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய வைராக்கியம் ஒன்றைத்தான். நாளைக்குச் சாட்சி சொல்லப் போகிறேன். இதை நீங்கள் படிக்கும்போது சொல்லி முடித்திருப்பேன். முதலாளிக்கு இன்னும் தெரியாது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தன் காரிலேயே விசாரணைக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.