இல்லாத பித்தப்பை

இடது அக்குளில் ஜெல் பாட்டிலை இடுக்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி, "அடுத்தது யாரு, உள்ள வாங்க" என்று கத்துகிறாள் ஸ்கேன் அக்கா. ஜெல்லைச் சூடாக்கும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டுமென்று நிர்வாகத்துக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. குளிர்ந்த ஜெல்லால் இதுவரை யாரும் செத்ததில்லை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பாட்டிலுக்கு அவள் உடம்புச் சூடுதான்.

"என்னடி, அடை வச்சிருக்கியா? எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்பாள் எதிர் அறைப் பிசியோகாரி.

"சில்லுன்னு ஊத்துனா வயித்த எக்குவாங்க. எக்குனா எனக்குப் படம் வராது. நீ போய் உன் வேலையப் பாரு."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் நெளியும் பெண்களைத் தாண்டி மேனேஜர் தன் சொந்தக்காரரை உள்ளே அனுப்பினால், கதவிலேயே மறித்து நிற்பாள். "அடக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் சார் அந்த அவஸ்தை தெரியும். உங்காளு கொஞ்சம் பேப்பர் படிக்கட்டும்." ஆனால் படுக்கையில் ஏறியவரிடம் குரல் இறங்கிவிடும். "மூச்ச இழுங்க, புடிங்க" என்று சொல்லும்போது தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் வயிற்றிலிருக்கும் பிசுக்கைத் தானே துணியால் துடைத்துவிடுவாள். முரட்டுக் காகிதச் சுருளை நீட்டி நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவளுக்குப் பிடிக்காது.

இருபது வருடம் ஸ்கேன் கருவியை அழுத்தியதில் வலது தோள் போய்விட்டது. மதியம் சாப்பிட்டதும் பிசியோகாரியிடம் போய்த் தோளைக் காட்டுவாள். அங்கேயும் ஜெல், அங்கேயும் காதுக்குக் கேட்காத அதே ஒலிதான். இங்கே படம் காட்டுவது அங்கே தசைக்குள் இறங்கிச் சூடேற்றுகிறது. "நீதான கெடுத்த, நீயே சரி பண்ணு" என்று அந்தக் கருவியையும் திட்டுவாள்.

படம் பிடிப்பது அக்கா. கண்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவாள். டைப்பிங்காரர் அதை அடித்துக் கொடுக்க, டாக்டர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நோயாளியிடம் அக்கா வாய் திறக்கக்கூடாது. இதுதான் சட்டம், அவளும் மீறியதில்லை.

அன்று காலை அவள் பார்த்து அனுப்பிய தையல்கார அம்மா, மதியம் கதவருகே வந்து நின்றார். விலாவுக்குக் கீழே வலி என்று வந்தவர். "ஒண்ணும் இல்லையாம் தாயி. நீ பதமா பாத்த, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பொண்ணுக்கும் போன் பண்ணிட்டேன். நாளைக்கு மெஷின்ல உக்காந்துருவேன்."

அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். பித்தப்பை நன்றாக விரிந்திருக்கிறது, கல் இல்லை என்று போட்டிருந்தது. அந்தப் பித்தப்பையை எடுத்து எட்டு வருடமாகிறது. தழும்பைக் காலையில் அவளே பார்த்தாள், சீட்டில் எழுதியும் அனுப்பினாள். நார்மல் என்று ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றி அடித்த ஈயடிச்சான் காப்பி. அப்படியானால் சீட்டின் அடுத்த வரியையும் எவரும் படிக்கவில்லை. வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்ற வரி. இந்த அம்மா வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷினை மிதிப்பார், ஒருநாள் அந்தச் சிறுநீரகம் உதவாமல் போகும். கீழே டாக்டரின் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது. அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"படுங்கம்மா."

"ஏன் தாயி, அதான் ஒண்ணும் இல்லன்னு..."

"இருக்கு. வலது கிட்னி வீங்கியிருக்கு. நான் என் கண்ணால பாத்தேன். படுங்க."

இருபது வருடச் சட்டம் அங்கே உடைந்தது. பாட்டிலை எடுத்து ஊற்றி, கருவியை விலாவில் வைத்துச் சிறுநீரகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். பிசியோகாரியைக் கூப்பிட்டாள். "இந்த ரிப்போர்ட்ட குடுத்து டாக்டர வரச் சொல்லு. வர்ற வரைக்கும் நான் கைய எடுக்க மாட்டேன்னு சொல்லு."

படத்தைச் சேமித்து வைக்கச் சொல்லி முதலில் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. பிறகு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று மேனேஜர் வந்தார். "காத்திருக்கட்டும். இன்னிக்கு எல்லாருக்கும் நார்மல்னு அடிச்சு வச்சிருப்பீங்களே, குடுத்தனுப்புங்க." தோள் விண்விண்ணென்று தெறித்தது. கருவி இடம் மாறவில்லை. தையல்கார அம்மா திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு கையில் ரிப்போர்ட், சட்டைப் பையில் பேனா. திரையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக்" என்றார் மெதுவாக. "நீங்க பாத்தத சொல்லுங்க. மாத்திப் போட்டு இப்பவே சைன் பண்ணிடறேன்."

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தாள். பேனாவுக்காகப் பைக்குப் போன அவர் கையைப் பிடித்து இழுத்து, ஜெல் வழியும் கருவியை உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.