சிவப்பு நட்சத்திரம் ஒட்டியவர்

இருபத்தாறு வருடங்களில் ரே டூபியெல் ஓர் அக்டோபர் சனிக்கிழமையைக்கூடத் தன் மனைவி லோர்னாவோடு கழித்ததில்லை. ஒஹாயோ முதல் அயோவா வரை, கல்லூரிப் பையன்கள் முட்டி மோதும் ஏதோ ஒரு மைதானத்தின் கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் ஓட்டம் அளக்கும் கடிகாரம், கையில் ஆறிப்போன காப்பி. அமெரிக்கக் கால்பந்தில் டொலிடோ அணிக்காகக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோட்டு அறிக்கை எழுதும் ஸ்கவுட் அவர்.

மற்ற ஸ்கவுட்டுகள் பயிற்சியாளரிடம் விசாரிப்பார்கள். ரே, சட்டை துவைக்கும் அறைக்குப் போவார்.

"கோச் பையனைத் தலையில கட்டத்தான் பாப்பாரு. துவைக்கிறவங்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போவுது?" என்பார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வேறு எந்த அணியும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன அயோவா கல்லூரியில், பனி கொட்டும் நாளில், ஓபல் என்ற சலவைக்காரப் பெண்மணி அவரிடம் சொன்னாள்: "தோத்தா எல்லாப் பயலும் சட்டையை வீசிட்டுப் போவான். ஜெரோம் பிக்ஸ் மட்டும் மத்தவங்களோடதையும் பொறுக்கிக் கூடையில போட்டுட்டுத்தான் போவான்."

ரே அதை அப்படியே அறிக்கையில் எழுதினார்.

ஒவ்வொரு ஏப்ரலிலும், கல்லூரியிலிருந்து புது ஆட்களை எடுக்கும் டிராஃப்ட்டுக்கு முன்னால், அலுவலகச் சுவரில் பெயர்கள் வரிசையாக ஏறும். ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை ஒரு பெயர் பக்கத்தில் ஒட்டினால், இவனுக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். அந்த வருடம் ரே தன் நட்சத்திரத்தை பிக்ஸ் பக்கத்தில் ஒட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் சுற்றில் போனால் போகிறதென்று எடுத்த அந்தப் பையன் பத்து வருடம் அணித்தலைவனாக இருந்தான்.

ஆனால் டிராஃப்ட் முடிந்த மறுநாளே நட்சத்திரங்களை உரித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஸ்கவுட்டுகள் எழுதியதெல்லாம் துறைத் தலைவர் கிரெய்க் லான்ஸ்டேல் பெயரில் ஒரே அறிக்கையாகிவிடும். அதுதான் அங்கே வழக்கம்.

இந்த ஜனவரியில் அணியின் பொது மேலாளர் நாற்காலி காலியானது. அதற்கு கிரெய்க்தான் முதல் பெயர். ஆனால் முதலாளி, இத்தனை வருடத்தில் கிரெய்க் உண்மையில் யார் யாரைக் கண்டுபிடித்தார் என்று ஆராய, வெளியிலிருந்து ஹார்ட்நெட் என்ற பெண்ணை அமர்த்தினார்.

அன்றே கிரெய்க் ரேவுக்குப் போன் செய்தார்.

"கிழவா, எப்படி இருக்கே? இன்னும் அந்த அழுக்குத் துணிக் கூடையைத்தான் கிளறிட்டிருக்கியா?"

"அதுலதானே தலைவரே ஆள் கிடைக்குது."

"சரி கேளு. பிக்ஸ் என்னோட கண்டுபிடிப்புன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. அப்புறம் அந்த டைலர் வென்..."

வென், முதல் சுற்றில் எடுத்து மூன்றே வருடத்தில் மண்ணைக் கவ்வியவன். வேண்டாம் என்று ரே மன்றாடியும் கிரெய்க் அடம்பிடித்து எடுத்தவன்.

"அவன் உன் ஏரியாப் பையன்தானே? நீதான் அவனை எடுக்கச் சொன்னேன்னு வச்சுக்குவோம். மே மாசம் உன் ஒப்பந்தம் முடியுதில்ல? முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம். நான் பாத்துக்கறேன்."

சமையலறையில் ஹார்ட்நெட்டின் அழைப்பு வந்தபோது லோர்னா எதிரே உட்கார்ந்திருந்தாள். ரே ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார்.

"மிஸ்டர் டூபியெல், பிக்ஸ் அறிக்கையில துணி துவைக்கிற ஒரு அம்மா வர்றாங்க. அவங்க பேரைக் கேட்டா மிஸ்டர் லான்ஸ்டேல் முழிக்கிறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

ஓபல்! அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புபவர் அவர்.

"தெரியாது மேடம். அங்க போனது கிரெய்க்."

"டைலர் வென்?"

ரே கண்ணை மூடிக்கொண்டார். "அவனை எடுக்கச் சொன்னது நான்தான்."

போன் அடங்கியது. லோர்னா மெதுவாக எழுந்தாள்.

"அந்த பிக்ஸைப் பாக்கப் போன அன்னிக்குத்தான் எங்கப்பாவை அடக்கம் பண்ணினோம். நீ வரலை. இத்தனை வருஷம், ஒரு நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிக்கத்தானே போனாரு மனுஷன்னு மன்னிச்சு வச்சிருந்தேன். இப்ப நீ அங்க போகவே இல்லைங்கறே!"

"நமக்காகத்தான் லோர்னா..."

"என்னை இழுக்காதே."

பிப்ரவரியில் கிரெய்க் பொது மேலாளரானார். ஏப்ரலில் டிராஃப்ட் வழக்கம்போல நடந்தது. அது முடிந்த மூன்றாம் நாள் ரேவின் போன் அடித்தது.

"ரே, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. முதலாளி ஸ்கவுட்டுகளைக் குறைக்கச் சொல்றாரு. ஹார்ட்நெட் அறிக்கையில இருக்கறதிலேயே உன் கணக்குதான் மோசம். வென் உன் பேர்ல இருக்கு. சொல்லிக்கற மாதிரி ஒருத்தனும் இல்லை."

"கிரெய்க்... பிக்ஸ்?"

"நீயே சொன்னதுதானே, ரே. உன் வாயால சொன்னது எழுத்துல இருக்கு. நான் என்ன பண்ண முடியும்? காரையும் கம்ப்யூட்டரையும் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒப்படைச்சிடு."

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகக் காரைக் கொண்டுபோய் விட்டார். லோர்னா தன் காரில் பின்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தாள். இருபத்தாறு வருடம் தனியாக ஓட்டித் திரிந்த மனிதர், முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் கையாலாகாதவர்போல உட்கார்ந்தார். அவர் கழுத்தில் கடிகாரம் தொங்கியது.

"அதுவும் அவங்களோடதா?" என்றாள் லோர்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லை. என்னோடது. வேலைக்குச் சேர்ந்தப்ப நானே வாங்கினது."

"அப்ப யாராவது கேட்டா, அதையாவது உன்னோடதுன்னு சொல்லு."