புது மெஷினுக்குக் கற்பூரம்

செயின்ட்-மிஷேலில் நான் வேலை பார்த்த ஸ்கேட்டிங் அரங்கின் குளிரூட்டும் மெஷின் என்னைவிடக் கிழடு. எப்போதும் நடுப்பகுதியில் ஐஸ் இளகிவிடும். மெஷின் அறைக்குள் போனால் அமோனியா மூக்கைப் பிடுங்கும். நானும் அண்ணையும் மாறி மாறித் தண்ணீர்க் குழாயை இழுத்து, இளகிய இடத்துக்கு விட்டு உறைய வைப்போம். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னோடு வேலை செய்த திருகோணமலைக்காரர், என்னைவிட மூத்தவர். எனக்கு அப்போதே வலது முழங்கால் போய்விட்டது. "அந்தோனியாரே" என்று கூப்பிடாமல் ஒரு படி ஏறியதில்லை.

ஒருவழியாக நகரசபைக்கு மனம் இரங்கியது. தரையைக் கிண்டிக் குழாய்களை மாற்றிப் புது மெஷின் பூட்டினார்கள். அது தானே குளிரை அளந்து தானே ஓடுமாம். அப்பாடா என்று நான் மூச்சுவிட்டு முடியவில்லை, பொஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இனி உள்ளே ஒரு ஆள் போதும், மற்றவர் தெருவில் பனி அள்ளப் போகவேண்டும், யார் என்று திறந்த பிறகு சொல்கிறேன் என்றார். கிணறு வெட்டப் பூதம் வந்த கதைதான். இந்த முழங்காலோடு நான் பனி அள்ளுவதா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணையோடு கதைப்பதும் குறைந்துபோனது. இருவரில் ஒருவர் என்றான பிறகு என்ன கதை?

வேலை இழுபட்டு, முதல் பனி கொட்டிய பிறகுதான் அரங்கைத் திறந்தார்கள். பிள்ளைகள் சறுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் மெஷின் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே அண்ணை வெறுங்காலோடு நிற்கிறார். புது மெஷினின் நெற்றியில் சந்தனப் பொட்டு. முன்னால் கோப்பித் தட்டில் கற்பூரம் எரிகிறது.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? நெருப்பை நூருங்கோ!"

"பொறடாப்பா. புதுசு ஒண்டு துவங்கேக்கை பிள்ளையாருக்குக் காட்டாமல் விடுறதே?"

அவர் கும்பிட்டு முடிக்கவில்லை, அலாரம் அலறியது. மெஷின் தானாகவே நின்றது. பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்தோடேயே வெளியே பனிக்குள் தத்தித் தத்தி நின்றார்கள். தாய்மார் பிரெஞ்சில் திட்டினார்கள். தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது. பொஸ் கோப்பித் தட்டைத் தூக்கிக் காட்டி, யார் வேலை இது என்று கத்தினார்.

"முவா, மிசியூ" என்றார் அண்ணை. நான்தான், ஐயா.

பிறகென்ன, பொஸ்ஸுக்கு யோசிக்கும் வேலை மிச்சம். அண்ணை தெருவுக்குப் போனார். நான் புது மெஷினுக்கு முன்னால் கதிரை போட்டுச் சும்மா இருந்து களைத்தேன். சும்மா இருந்தாலும் மனிதன் இவ்வளவு களைப்பான் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போனால், தரிப்பிடத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் அண்ணை. மீசை உறைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"தேவையோ அண்ணை அந்தக் கற்பூரம்? பிள்ளையார் என்னத்தைத் தந்தவர் உங்களுக்கு?"

"நான் எனக்கெங்கையடா கேட்டனான்? உன்ர முழங்காலுக்கு உள்ளுக்கை வேலை கிடைக்கவேணும் எண்டெல்லோ கேட்டனான்."

பஸ் வந்தது. "கெதியா ஏறு, குளிருது" என்று சொல்லி, படிக்கு முன்னால் கிடந்த பனியை எனக்காக அள்ளி ஒதுக்கினார். நான் ஏறினேன். அந்தோனியாரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.