திரைச்சீலைக்காரி பிடித்த கடலோர வீடு

தங்கப் போகும் அறைக்குள் நுழைந்ததும் அப்போண்டி கட்டிலைப் பார்ப்பதில்லை. குழாயைத் திறந்தும் பார்ப்பதில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், திரைச்சீலையின் கீழ் விளிம்பை இரண்டு விரலால் தூக்கி உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். மடிப்பு ஒற்றையா இரட்டையா, தையல் நெருக்கமா, நூல் துணியின் நிறத்தோடு சேருகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் கைப்பையைக் கீழே வைக்கிறாள். "விளிம்புல சோம்பேறித்தனம் பண்றவன் மெத்தைக்கு அடியிலயும் பண்ணியிருப்பான்" என்பாள். அந்தப் பையின் உள்மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். பிரிந்த விளிம்பு கண்ணில் பட்டுவிட்டால், அது வங்கி மேலாளரின் அறையாக இருந்தாலும், பேசிக்கொண்டே தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

விக்டோரியா ஏரிக்கரை நகரமான கிசுமுவில், சந்தையின் பின்வரிசையில் அவள் கடை. திரைச்சீலை தவிர வேறெதுவும் தைக்கமாட்டாள். சட்டை தைத்துத் தரச்சொல்லி யாராவது வந்தால், "உடம்பு இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். ஜன்னல் அப்படி இல்ல, கொடுத்த அளவுல நிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் தைத்த திரையை இழுத்து மூடினால் இரண்டு பாதிகளும் நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். "நடுவுல வெளிச்சம் ஒழுகினா அது திரை இல்ல, கந்தல்" என்பது கடைக்கு வரும் எல்லாருக்கும் அவள் சொல்லும் வசனம். வாடிக்கையாளர்கள் அவளுக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் அளவு நாடாவைத் தளர்த்தமாட்டாள்.

டிசம்பரில் குடும்பத்தோடு கடலுக்குப் போவதுதான் அந்த வீட்டின் பெரிய பண்டிகை. எங்கே தங்குவது என்ற விவாதத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் தேர்தல். கணவன் ஒக்வெனோ ஓட்டல் கட்சி. உகாண்டா எல்லைவரை எண்ணெய் லாரி ஓட்டுகிறவன்.

"வருஷம் பூரா லாரிக்குள்ளயே சுருண்டு படுக்கறேன், உகென்யா பொண்ணே" என்று மனைவியை அவள் பிறந்த ஊரைச் சொல்லி அழைத்து ஆரம்பிப்பான். "ரெண்டு மூணு நாளாவது யாரோ விரிச்ச படுக்கையில படுக்கணும். காலையில ஒருத்தன் தொப்பி போட்டுக்கிட்டு, முட்டை எப்படி வேணும்னு என்னைக் கேக்கணும். நான் யோசிச்சுப் பதில் சொல்லணும்."

"நான் கேக்கறதில்லையா?"

"நீ கேக்கறதில்ல. தட்டுல வச்சிட்டு, தின்னுன்னு சொல்ற."

அப்போண்டி வீட்டுக் கட்சி. ஓட்டலில் பிள்ளைகளுக்கு ஒரு மாடி, பெற்றவர்களுக்கு ஒரு மாடி என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தடவை அவள் தலையணையோடு போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள், காவலாளி வந்து கெஞ்சும்வரை எழுந்திருக்கவில்லை. மேலும் ஓட்டல்காரர்கள் போடும் உகாலி, அதாவது சோளமாவுக் களி, ஒரு குழந்தையின் கைப்பிடி அளவுக்குத்தான் இருக்கும். "அது உகாலி இல்ல, உகாலியோட போட்டோ" என்பாள். வாடகைக்கு ஒரு வீடு பிடித்தால் தன் பானை, தன் மாவு. பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடினாலும் கேட்பாரில்லை.

இந்த முறை தேர்தல் நடக்கவே இல்லை. அப்போண்டியின் அம்மா அலுவோச், வருஷா வருஷம் மறுத்துக்கொண்டிருந்தவர், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். விக்டோரியா ஏரிக்கரைப் பக்கமே வாழ்நாளைக் கழித்தவர். கடல்நீர் உப்பு என்பதை அவர் நம்பியதே இல்லை. "உப்புத் தண்ணியில மீன் எப்படி உயிரோட இருக்கும்? கருவாடால்ல ஆயிடும்?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிடுவார். அந்த அம்மாவைக் கடலுக்கு முன்னால் உட்காரவைத்து, அவர் முகத்தைத் தான் பார்க்கவேண்டும். அப்போண்டிக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்களுடைய லுவோ இனத்தில் மாமியாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் படுப்பதில்லை. பகலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம், பேசலாம், சிரிக்கலாம். ஆனால் கிசுமுவில் மகள் வீட்டுக்கு வந்தால் அலுவோச் சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டதே கிடையாது. ஆகவே அப்போண்டி இரட்டை வீடாகத் தேடினாள். மூத்த மகள் அக்கேயோவின் போனில் தேடித் தேடி, கடைசியில் டியானிக் கடற்கரையில் கண்டுபிடித்தாள். தென்னைகளுக்கு நடுவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை வீடுகள். படத்தைப் பெரிதாக்கினாள். படத்திலேயே ஜன்னலுக்குப் போனாள். திரைக்கு இரட்டை மடிப்பு.

"இதுதான். சொல்லிடு" என்றாள். சமையல்காரி வேண்டுமா என்று வீட்டுக்காரர்கள் கேட்டபோது, "எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்று மறுத்துவிட்டாள்.

ரயிலும் வேனும் மாறிமாறி எல்லாரும் போய் இறங்கினார்கள். தோட்டக்காரர் பக்காரி வாசல் கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது, கடல் இன்னும் தெரியவில்லை. பிள்ளைகள் முற்றத்து மணலில் ஓடினார்கள். அலுவோச் மட்டும் வாசலிலேயே நின்று, பையைக் கையிலிருந்து இறக்காமல் அண்ணாந்து பார்த்தார்.

வீடு இரண்டுதான். நடுவே ஒரு நடைவழி. ஆனால் இரண்டையும் நடைவழியையும் சேர்த்து, தென்னங்கீற்றுக் கூரை ஒன்று மேலே கவிந்திருந்தது, இரண்டு தலைக்கு ஒரே தொப்பி போல.

"மாப்பிள்ளை எங்க படுப்பார்?" என்று கேட்டார் அலுவோச்.

"அந்த வீட்டுலம்மா. நீ இந்த வீட்டுல."

"எந்த வீடு? எனக்கு ஒரு வீடுதான் தெரியுது."

"சுவரைப் பாரும்மா. தனித்தனி."

"சுவரை யாருடி கேட்டா? இந்தப் பக்கம் பேஞ்ச மழை அந்தப் பக்கம் போய்ச் சொட்டுச்சுன்னா அது ஒரே வீடு." பக்காரியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. சொட்டுமா, சொட்டாதா?"

பக்காரி கூரையைப் பார்த்தார், அப்போண்டியைப் பார்த்தார், பொய் சொல்ல வரவில்லை. "சொட்டும்மா" என்றார்.

அப்போண்டி இப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். படத்தில் விளிம்பைப் பார்த்தவள் மேலே பார்க்கவில்லை. ஒக்வெனோ அதற்குள் வேலியைத் தாண்டிப் பக்கத்து ஓட்டலுக்குப் போய்த் திரும்பிவிட்டான். எல்லாம் நிரம்பிவிட்டது, யாரோ வராததால் மாடியில் ஓர் அறை மட்டும் இருக்கிறது, இரண்டு கட்டில் என்றான். வருத்தமாகச் சொல்ல முயன்றான், முகம் ஒத்துழைக்கவில்லை.

"குடும்பத்துக்காக நான் கஷ்டப்படறேன்" என்று பெட்டியைத் தூக்கினான்.

"அப்பாவுக்கு முட்டை எப்படி வேணுமாம்?" என்றாள் அக்கேயோ.

அலுவோச் தலையசைத்தார். "கூடாது. பிள்ளைங்க ஒரு இடம், அப்பன் ஒரு இடமா? மாமியார் வந்து மருமகனைத் துரத்திட்டாளாம்னு உகென்யா வரைக்கும் சிரிப்பாங்க. ராத்திரி பஸ் ஒண்ணு இருக்கும். நான் கிளம்பறேன்." சொல்லிவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லை. அதுதான் அப்போண்டியைப் பயமுறுத்தியது. கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பத்தடி நடந்தால் கடல். அம்மா அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவார். அப்போண்டி அம்மாவின் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு வேனிலிருந்து தன் பெட்டியை எடுத்தாள்.

"எழுந்திரும்மா. நாம ரெண்டு பேரும் ஓட்டலுக்கு."

ஒக்வெனோவின் கையிலிருந்த பெட்டி தானாகக் கீழே இறங்கியது. "அப்ப நான்?"

"வீடு முழுக்க உங்களுக்குத்தான், அக்கேயோ அப்பா. அடுப்பங்கரையும் சேர்த்து."

"சமையல்காரி?"

"வேணாம்னு சொல்லிட்டேனே."

"இப்ப வேணும்னு சொல்லு!"

"டிசம்பர்ல சமையல்காரியா?" என்றார் பக்காரி. "கடல்ல நல்ல தண்ணி தேடற மாதிரிங்க." பிள்ளைகள் மணலில் விழுந்து சிரித்தார்கள். அலுவோச் பையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு, சிரிப்பைத் தோள்துணியால் மறைத்தபடி எழுந்துவிட்டார்.

கடலை அவர் முதலில் நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார், துப்பினார். "யாரோ கொட்டியிருக்காங்க" என்றார். அப்புறம் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கி, ஊரில் காட்டுவதற்கென்று நிரப்பிக்கொண்டார். அப்போண்டி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், செருப்பு நனைந்தது தெரியவில்லை.

ஓட்டல் அறையில் அலுவோச் விடியும்முன் எழுந்து படுக்கையைத் தானே மடித்துவிடுவார். அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண் அதைக் கலைத்து மறுபடி விரிப்பாள். அவள் போனதும் இவர் அதைத் தன் முறைப்படி திருத்துவார். முட்டையை மடித்துப் போடுகிறவனிடம், "உள்ள என்ன ஒளிச்சு வைக்கிற மகனே, தக்காளியா? வெளிய வச்சா யாரும் திருடமாட்டாங்க" என்றார். அவனோ அவருக்கு மட்டும் இரண்டு தரம் போட்டான். அப்போண்டிக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிரிந்த விளிம்புகூட அந்த அறையில் இல்லை. போனை எடுப்பாள்.

"உகாலி கட்டி தட்டிச்சா?"

"கட்டி இல்ல, செங்கல்" என்பான் ஒக்வெனோ. "இதாலயே சுவர் வச்சு, கூரையைப் பிரிச்சு ரெண்டாக்கப் போறேன். நீ திரும்பி வந்துடு."

அவள் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்பாள். யாராவது கொண்டுவந்து வைப்பார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. இதை ஒக்வெனோவிடம் சொல்லவில்லை.

கடைசி நாள் காலை. அறையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேர்கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீட்டின் கொல்லை. ஒக்வெனோ இடுப்பில் பூப்போட்ட பெண்கள் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு உகாலிப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வரிசையாக நின்று தட்டுகளை நீட்டினார்கள். அவன் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு முட்டை எப்படி வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பது மாடிவரை கேட்டது.

"என்னடி பாக்கற?" என்றார் நாற்காலியில் இருந்த அலுவோச்.

"மாப்பிள்ளைம்மா. பூத்துணி கட்டிக்கிட்டுப் பானை தேய்க்கறார்."

"ஐயோ, மூடு, மூடு. மாமியார் பாக்கற காட்சியா அது?" என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை ஜன்னலுக்கு அருகில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அப்போண்டி இரண்டு பக்கத் திரையையும் இழுத்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப் போன கை நடுவில் நின்றது. அம்மாவின் நாற்காலிக்கு நேராக இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் ஒழுக விட்டுவிட்டு, அவள் தேநீர் ஊற்றப் போனாள்.