பதினாறு அடிப் போர்க்கலம்

பதிப்பகத்தில் அவரை நேரில் அக்கா என்பார்கள், தலை மறைந்ததும் ஒற்றக்கா என்பார்கள். அது அவருக்கும் தெரியும். க், ச், த், ப் என்ற நாலு ஒற்றெழுத்துகளை எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாகச் சிவப்புப் பேனாவால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? மெய்ப்புத் திருத்துவது அவர் வேலை. ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதைக் கடைசியாகப் பார்ப்பது அவர் கண்தான்.

இந்தக் குணம் உத்தியோகத்தால் வந்ததில்லை, கூடவே பிறந்தது. தன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வீட்டுக்கு வந்தபோது அதில் ஏழு பிழைகளைச் சுழித்தார். எட்டாவதாக மாப்பிள்ளையின் பெயரில் இருந்த லகரத்தையும் சுழித்தார். அங்கே ளகரம்தான் வர வேண்டுமாம். மாப்பிள்ளை பஸ் டிரைவர். என் லைசென்ஸில் லகரம்தான் இருக்கிறது, அதை மாற்றினால் நான் வேறு ஆளாகிவிடுவேன், வேறு ஆளிடம் யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு இறங்கி வந்தார். அப்புறம் குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

ஐம்பத்து மூன்றாம் வயதில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அறுவை முடிந்து ஆறு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆறு வாரத்துக்குள் பதிப்பக முதலாளி ஒரு பிறமொழி விண்வெளி நாவலின் முதல் பாகத்தை மொழிபெயர்க்க வைத்து, அச்சடித்து, கடைகளுக்கும் அனுப்பிவிட்டார். அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று மேசைமேல் அந்தப் புத்தகம் பளபளவென்று கிடந்தது. இரண்டாம் பதிப்பு என்று வேறு போட்டிருந்தது.

புதுக்கண்ணோடு உட்கார்ந்து படித்தார். கதாநாயகன் ஒரு போர்க்கலத்தில் ஏறி நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டை போடுகிறான். எட்டாவது அத்தியாயம் வரைக்கும் அந்தக் கலத்தின் பெயர் ‘க்னாஃப்ட்’. ஒன்பதிலிருந்து ‘நாஃப்ட்’. இருபதுக்கு மேலே ‘நாட்’. அக்கா மூன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார். கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த பெரிய படத்தைப் பிரித்துப் பார்த்தார். அங்கே மூன்று கலங்கள் வரிசையாக நின்றன. சின்னது க்னாஃப்ட், கார் அளவு. நடுத்தரம் நாஃப்ட், ரயில் பெட்டி அளவு. பெரியது நாட், அதன் முதுகில் ஒரு கால்பந்து மைதானத்தையே வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். காலையில் ரயிலில் போகும்போது மொழிபெயர்ப்பார். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. மூல மொழியில் அந்தப் பெயருக்கு ஏழு எழுத்து, அதில் எது வாய் திறக்கும், எது சும்மா உட்கார்ந்திருக்கும் என்று அந்த மொழிக்காரர்களுக்கே தெரியாது என்றார். முதலில் எல்லா எழுத்தையும் உச்சரித்தாராம். பிறகு முதல் எழுத்து ஊமை என்று யாரோ சொன்னார்களாம். அப்புறம் நடுவில் இருப்பதும் ஊமை என்று இன்னொருவர் சொன்னாராம்.

“நம்ம மட்டும் என்னக்கா ஒழுங்கு? ஒரே க-வை வச்சுக்கிட்டு கடலுக்கு ஒரு சத்தம், தங்கத்துக்கு ஒரு சத்தம், மகனுக்கு ஒரு சத்தம் போடறோம். வெளியில இருந்து வர்றவன் நம்மளப் பாத்து அழ மாட்டானா?”

அது வேறு, இது வேறு என்றார் அக்கா. சொல்லிவிட்டு நேராக ஓவியரிடம் போனார்.

ஓவியர் தான் படம் போடும் புத்தகங்களைப் படிப்பதில்லை. அடிக்கோடிட்டுக் கொடுத்த வரிகளை மட்டும் பார்ப்பார். ஆனால் பார்த்ததைக் கவனமாகப் பார்ப்பார். மூன்றாம் அத்தியாயத்தில் கலம் ‘மூக்கிலிருந்து வால்வரை பதினாறு அடி’ என்றும், அதை ஒரு தானியக் கொட்டகையில் ஒளித்து வைத்தான் என்றும் இருந்தது. பதினோராவதில் பத்தொன்பது பேர் அதில் ஏறித் தப்பிக்கிறார்கள். இருபத்திரண்டாவதில் அதன் நிழல் ஒரு சந்தை முழுவதையும் மூடுகிறது. மூன்று பெயர், மூன்று அளவு, அப்போது கலமும் மூன்றுதானே என்று ஓவியர் நிதானமாகக் கேட்டார். அவர் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலாளிக்கு இதிலெல்லாம் கவலையே இல்லை. புத்தகம் ஓடுகிறது. வாசகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து கடிதம் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சின்னக் கலம் பிடித்திருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நடுத்தரக் கலத்துக்காக ஒன்பது பக்கம் வாதாடியிருக்கிறார். இரண்டாம் பாகத்தில் ஒரே கலம், ஒரே பெயர் என்று மாற்ற வேண்டும் என்று அக்கா சொன்னபோது முதலாளி தலையைச் சொறிந்தார். இருந்த இரண்டைக் காணோம் என்று வாசகர்கள் சண்டைக்கு வருவார்களே என்பது அவர் பயம். கடைசியில், நாவலாசிரியருக்கே எழுதிக் கேட்கலாம், அவர் சொல்வதுபோல் செய்யலாம் என்று முடிவாயிற்று. அக்கா சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் எழுதினார். கேள்வி இரண்டே இரண்டு: பெயரை எப்படி உச்சரிப்பது? கலம் எவ்வளவு பெரியது?

பதில் வரும்வரை சும்மா இருக்க அக்காவால் முடியவில்லை. மூலப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் அத்தியாயத்தின் அந்த வரியை மொழிபெயர்ப்பாளரை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்ல வைத்தார். வீரன் கலத்தின் ஓரமாக நடக்கிறான். மூக்கிலிருந்து வாலுக்குப் போய்ச் சேர அவன் பதினாறு முறை காலெடுத்து வைக்கிறான்.

“ஆமாக்கா, பதினாறு அடின்னுதானே எழுதியிருக்கேன்” என்றார் அவர்.

இவர் காலால் எடுத்து வைக்கும் அடியை எழுதியிருக்கிறார், ஓவியர் ஸ்கேல் அடியைப் படித்திருக்கிறார். சொல் ஒன்றுதான். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் அந்த வரி வந்திருந்தாலும் ஒற்றைப் பார்த்திருப்பாரே ஒழிய அடியைப் பார்த்திருக்க மாட்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் கணவரிடம், பதினாறு எட்டு நடந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டார். கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, தன் வண்டியைக் காலையில் சுற்றிப் பார்க்கும்போது ஒரு பக்கத்துக்குப் பதினாறு எட்டுதான் வரும், வண்டி பன்னிரண்டு மீட்டர் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் பஸ் டெப்போவுக்குப் போனார்கள். கணவர் முன் பம்பரிலிருந்து நடந்தார். அக்கா பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனார். பதினாறாவது எட்டில் கணவரின் செருப்பு பின் பம்பருக்கு நேராக வந்து நின்றது. அக்கா சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, இருபக்கமும் சிறகும் வரைந்தார். டயர் மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இது நட்சத்திரப் போர்க்கலம் என்று கணவர் அவர்களுக்கு விளக்கினார். அதில் ஒருவர், டீசல் டாங்க் எங்கே வரும் என்று மட்டும் கேட்டார்.

“பத்தொம்பது பேர் இதுல ஏற முடியுமாங்க?” என்று அக்கா கணவரைக் கேட்டார்.

“பன்னெண்டு மீட்டர்ல எழுபது பேரை ஏத்தியிருக்கேன். அதுல நாலு பேர் படியில. பத்தொம்பது பேர்லாம் ஒரு கூட்டமா?”

கொட்டகைக்குள் நுழையுமா என்று அடுத்த கேள்வி. சிறகு மடங்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அக்கா கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மடங்கும் என்றார். அப்படியென்றால் ரிவர்ஸில் போகும், ஆனால் பின்னால் ஒரு ஆள் நின்று கை காட்ட வேண்டும் என்றார் கணவர். மிச்சம் இருந்தது நிழல். அதற்குப் பதில் தரையிலேயே கிடந்தது. அவர்கள் வந்தபோது பஸ்ஸின் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்த நிழல், இவர்கள் பேசி முடித்துச் சாயங்காலமாவதற்குள் நீண்டு பக்கத்துப் பட்டறைச் சுவரில் ஏறிவிட்டிருந்தது. சந்தைக் காட்சி சாயங்காலம் நடக்கிறதா என்று அக்கா அவசரமாகத் தேடினார். ‘சூரியன் கூரைகளைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தான்’ என்று இருந்தது. மூன்று கலமும் ஒரே கலம்தான். அக்காவுக்கு அங்கேயே யாரிடமாவது கை குலுக்க வேண்டும் போலிருந்தது. டயர் மெக்கானிக்கின் கை கறுப்பாக இருந்ததால் கணவரோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நாவலாசிரியரின் பதில் வந்தது. ரொம்பப் பணிவான மனிதர். பெயர் தன் அப்பா பேசிய வட்டார மொழிச் சொல் என்றும், முதல் எழுத்தும் நடு எழுத்தும் பேசாது என்றும், வாயில் வருவது ‘நாட்’ மட்டும்தான் என்றும் எழுதியிருந்தார். அளவைப் பற்றி இதுவரை யாரும் தன்னைக் கேட்டதில்லையாம். தானும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லையாம். உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார். அக்கா பன்னிரண்டு மீட்டர் என்று எழுதி அனுப்பினார். அவர் நன்றி சொல்லி, தன் மொழியில் வரும் அடுத்த பதிப்பில் அதையே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இனி என்ன தடை? அக்கா உற்சாகமாக இரண்டாம் பாகத்தின் மொழிபெயர்ப்பு முழுவதிலும் பெயரை ‘நாட்’ என்று மாற்றினார். வேற்றுமை உருபு சேரும் இடத்திலெல்லாம் ஒற்று இரட்டிக்க வேண்டும் என்பதால் ஒன்று விடாமல் இரட்டித்தார். நானூறு பக்கத்தையும் நாலே நாளில் முடித்து, முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது முதலாளி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பக்கத்தை எடுத்து வைத்திருந்தார்.

“அக்கா, நீங்களே இதை ஒரு தடவை சத்தமாப் படிங்க.”

அக்கா படித்தார். தளபதி பழைய நாட்டை விற்றுவிட்டுப் புது நாட்டை வாங்கினான். நாட்டின் மூக்கில் சிறு கீறல் இருந்தது. எதிரிகள் துரத்தியதும் வீரன் நாட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, நாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

“இதை அச்சடிச்சா என்னைத்தான் ஓட்டிக்கிட்டுப் போவாங்க” என்றார் முதலாளி.

அக்கா பக்கத்தை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். ஒற்றை எடுத்துப் பார்த்தார். ‘நாடை ஓட்டினான்’ என்று வந்தது, பார்க்கவே சகிக்கவில்லை. நடுவில் கோடு போட்டு ‘நாட்-ஐ’ என்று எழுதிப் பார்த்தார், அது கல்லடிபட்ட பல்லி மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷம் அவர் பிடித்துக்கொண்டு நின்ற விதிகளில் ஒன்றும் தப்பில்லை, ஆசிரியர் சொன்ன உச்சரிப்பிலும் தப்பில்லை. இரண்டு சரியும் சேர்ந்துகொண்டு அவரை மூலையில் உட்கார வைத்துவிட்டன. அன்று சாயங்காலம் மொழிபெயர்ப்பாளர் வந்து எதிரே உட்கார்ந்து, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா முதலாளியிடம் போய், ‘நாஃப்ட்’ என்றே வைத்துக்கொள்வோம் என்றார். அது தப்பான உச்சரிப்பு. ஆனால் அதில் ஏறிக்கொண்டால் யாரும் நாடு கடத்தியதாக நினைக்க மாட்டார்கள். முன்னுரையில் அரைப் பக்கம் எழுதினார். முதல் பாகத்தின் மூன்று கலங்களும் ஒன்றே, அதன் நீளம் பன்னிரண்டு மீட்டர், சரியான உச்சரிப்பு வேறு, ஆனால் நம் இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. இதை எழுதி முடிக்க அவருக்கு நானூறு பக்கத்தைத் திருத்தியதைவிட அதிக நேரம் பிடித்தது.

வாசகர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நம்பவில்லை. பன்னிரண்டு மீட்டரில் சாமான் வைக்க இடமே இருக்காது என்று மறுபடி ஒன்பது பக்கம் எழுதினார். அக்கா அவருக்கு, அவர்கள் தப்பித்து ஓடுகிறவர்கள், சாமான் கொண்டுவரவில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டார்.

ரொம்ப வருத்தப்பட்டவர் ஓவியர்தான். கால்பந்து மைதானம் அளவுக் கலத்தை அவர் பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்திருந்தார். நாலு நாள் அக்காவைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார். ஐந்தாம் நாள் புதுப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே கலம். அதன் வயிற்றை அறுத்துக் காட்டியது போல் உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை, ஒருவர் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறார்.

அக்கா பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினெட்டு வந்தது. குழந்தையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று யோசித்து மறுபடி எண்ணினார். சேர்த்தே பதினெட்டுதான்.

“பத்தொம்பதுல ஒரு ஆள் குறையுதே” என்றார்.

“ஓட்டறவன் முன்னாடி இருக்கான்க்கா. இந்தப் பக்கமிருந்து பாத்தா தெரிய மாட்டான்.”

அக்கா படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.